அவுன்சுக்கு ஒரு கரண்டி

...நீலம்தான், சந்தேகமே இல்லை, கறுப்பென்று சொல்லிவிடலாம் போன்ற நீலம், யன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாலும் நீலம், கீழே இறக்கினாலும் நீலம், கண்ணை மூடித் திறந்தால் மாறிவிடுமா என்ன... அருந்ததி பரிசோதனைக் குழாயை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு நின்றாள். எத்தனை வருசமாக இதே ஆய்வுகூட மேசையடியில் நின்று வகுப்புப் பெட்டைகளுக்குச் செய்து காட்டியிருக்கிறாள், மரவள்ளிக் கிழங்கைக் கீறி ஒரு துளி அயடீன் விட்டு, பாருங்கோ பிள்ளையள், நீலம் வந்தால் மாப்பொருள் இருக்குது, உதிலை மாற்றுக் கதையே கிடையாது என்று எவ்வளவு மிடுக்காகச் சொல்லியிருக்கிறாள், இப்போது அந்த மிடுக்கு எங்கே போனது, கிழங்கிலே நீலம் வந்தால் பாடம், குழந்தை குடிக்கிற பாலிலே நீலம் வந்தால் அதற்கு என்ன பெயர்? பாலில் மாப்பொருள் இருக்கக்கூடாது, பாலில் இருக்கிற இனிப்பு வேறு, அது அயடீனுக்கு அசையாது, மஞ்சளாகவே கிடக்கும். நீலம் வந்தால் யாரோ மா கலந்திருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, பால்மா டின்னைத் திறந்த கை ஒன்றே ஒன்றுதான், அது அண்ணையின் கை, தன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போன கை... குழாயைத் தாங்கியில் செருகப் போனாள், முதல்தரம் ஓட்டையில் விழாமல் பக்கத்தில் தட்டியது, இரண்டாம் தரம் விழுந்தது.

நேற்று வெள்ளிக்கிழமை நிறுக்கக் கொண்டுபோயிருக்காவிட்டால் இன்று இங்கே வந்திருக்கவே மாட்டாள். உரும்பிராயில் கிளினிக் தராசில் மகன் குகனைக் கிடத்தியபோது அவன் அழவில்லை, அதுவே முதல் பயம், மற்றக் குழந்தைகள் எல்லாம் தராசின் குளிர் பட்டதும் ஊரைக் கூட்டினார்கள், அவன் மட்டும் கையை மெல்ல விரித்து மடக்கிக்கொண்டு கிடந்தான், ஐந்து மாதப் பிள்ளை, மூன்று கிழமைக்கு முன் பதினொரு இறாத்தல் நின்றவன், இப்போது பத்து இறாத்தல் இரண்டு அவுன்ஸ். மருத்துவிச்சி தராசைத் தட்டிப் பார்த்தா, இன்னொருதரம் கிடத்தினா, பிறகு தலையை நிமிர்த்தாமலே கேட்டா, என்ன பால் குடுக்கிறியள்? டின் பால் என்றாள். நல்ல பாலோ என்றா. அவ்வளவுதான், வேறு ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் அந்த நல்ல பாலோ என்ற சொல் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கூடவே வந்தது, படுக்கையிலும் வந்து கிடந்தது. இரண்டாம் மாதத்தில் நெருப்புக் காய்ச்சல் வந்து தன் பால் வற்றிப்போகாமல் இருந்திருந்தால் இந்தக் கேள்வியே இல்லை, ஆனால் வற்றியதை யார் திருப்பிக் கொண்டுவருவது, காய்ச்சலைக் கோபித்து என்ன பயன். விடிந்ததும் பள்ளிக்கூடத்து ஆய்வுகூடப் பொறுப்பாளர் சந்தியோகு வீட்டுக்கு ஆளனுப்பி, சனிக்கிழமை என்றாலும் ஒருக்கால் திறந்துவிடச் சொல்லி, அச்சுவேலி பஸ்ஸைப் பிடித்தாள். மருந்துப் போத்தல் ஒன்றில் நாலு கரண்டி பால்மா, இன்னொரு போத்தலில் காலைப்பாலின் மிச்சம். இரண்டையும் மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு இருந்தாள், அப்படி இருந்தும் இங்கே வந்து தராசில் போட்டால் பால்மா ஒன்பது கிராம்கூட இல்லை, நெரிசலில் மூடி நெகிழ்ந்து சிந்தியிருக்கும், பரவாயில்லை, இரண்டரை கிராம் போதும் சோதனைக்கு.

சுடுநீரில் கரைத்து, வினாகிரி விட்டுத் திரைய வைத்து, திரைந்ததைத் துணியில் வடித்து, தெளிந்து வந்த நீரில் ஒரு பங்கை அயடீனுக்கு என்று எடுத்தாள், மற்றப் பங்கு இதோ பியூரெட்டுக்குள் நிற்கிறது, கோடு போட்ட நீளக் கண்ணாடிக் குழாய்க்குள் இளம் மஞ்சளாக, ஒன்றும் தெரியாத மாதிரி. அயடீன் சொல்லிவிட்டது மா இருக்கிறது என்று, எவ்வளவு என்று சொல்வது இதன் வேலை. கீழே குடுவையில் பேலிங் கரைசல், வானத்து நீலமாய், ஸ்பிரிட் விளக்கின் மேல் கொதிக்கத் தொடங்குகிறது. பாலின் இனிப்பு துளி துளியாக அதற்குள் விழ விழ நீலம் செத்துச் செங்கட்டி நிறம் எழும்பும். டின்னில் எழுதியிருக்கிறது, காபோவைதரேற்று நூற்றுக்கு ஐம்பது, அத்தனையும் பாலின் இனிப்பு. அது உண்மையானால் பதின்மூன்றரை மில்லிலீற்றர் அளவில் நீலம் போய்விட வேண்டும். பாலுக்குப் பதிலாகப் பாதி மாவென்றால் இனிப்புப் பாதிதான், இருபத்தேழு வரைக்கும் ஓடும். கூட ஓட ஓட அண்ணை கள்ளன், கணக்கு அவ்வளவுதான். பியூரெட்டின் வாயைத் திறந்துவிட்டாள், முதல் துளி விழுந்தது.

அண்ணை நமசிவாயம் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். இந்த எழுபத்துநாலாம் ஆண்டில் சங்கக்கடை மனேச்சர் என்றால் ஊருக்குப் பாதிக் கடவுள், பாதிக் கள்ளன், எது எந்த நேரம் என்பது வரிசையில் நிற்பவன் வெறுங்கையோடு போகிறானா நிறைந்த கையோடு போகிறானா என்பதைப் பொறுத்தது. பாணுக்கு வரிசை, மாவுக்கு வரிசை, குழந்தைப் பாலோ வரிசைக்கும் வராமல் முடிந்துவிடுகிறது. மூன்று கிழமைக்கு முன்னால் அண்ணை டின்னோடு வந்தார், மூடி ஏற்கெனவே திறந்த பெரிய ஐந்து இறாத்தல் டின், உள்ளே பாதிதான் இருந்தது. வந்தது ஒரு டின், கேட்டு நிற்கிறது இரண்டு பிள்ளைகள், பாதியைப் பிஸ்கட் டின்னுக்குள் கொட்டி அடுத்த ஒழுங்கை வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தாராம், தங்கச்சியின் பிள்ளைக்கு முழுசு, மற்றவன் பிள்ளைக்கு வெறுங்கையா என்று ஊர் கேட்கக்கூடாதாம்.

“டின்னிலை கிடந்த கரண்டி அங்காலை போட்டுது தங்கச்சி. அவையிட்டை ஒண்டும் இல்லை, உங்களிட்டைப் பழைய டின் கரண்டி கிடக்குத்தானே.”

அப்போது அதைக் கேட்டுப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் போன கிழமை பஸ் நிலையத்தில் கமலாவதி, கூடப் படிப்பிக்கிறவள், வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோலச் சொன்னாளே, இப்ப எல்லாம் திறந்த டின்னை வாங்கப்படாது ரீச்சர், பாதி மரவள்ளி மா, பார்த்தால் நிறம் ஒண்டு, தொட்டால்தான் தெரியும், என்று. வேறு யாரையோ பற்றித்தானா அது, அல்லது இவளின் அண்ணை என்று தெரிந்து இவள் முகத்தைப் பார்ப்பதற்காகவா? வீட்டுக்குப் போனதும் டின்னுக்குள் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தாள், நாக்கில் வைத்துப் பார்த்தாள், ஒன்றும் பிடிபடவில்லை, ஆனால் அதற்குப் பிறகு அண்ணை வந்து குகனைத் தூக்கிக் கொஞ்சும்போதெல்லாம் இவளின் கண் அவரின் நகத்துக்குள் வெள்ளையாக ஏதும் ஒட்டியிருக்கிறதா என்றுதான் போனது. கூடப்பிறந்தவரைப் பார்க்கிற பார்வையா அது... நான்கு, ஐந்து, ஆறு. நீலம் அசையவில்லை. கொதி சத்தம் மட்டும்.

இனி, அண்ணையை விட்டால் வேறு யார், வீட்டில் இருப்பது மச்சாள் இரத்தினம்மா, இவளின் கணவன் சோமசேகரத்தின் அக்கா, பிள்ளைப்பேறு இல்லாதவ, கணவன் கொழும்பில் கந்தோர் வேலையில் இருக்க, இவள் பள்ளிக்கூடத்தில் இருக்க, பகல் முழுக்கக் குகன் மச்சாளின் மடியில். நல்ல மனுசி, அதில் குறை சொல்ல ஏலாது, ஆனால் அளவு என்றால் என்னவென்று தெரியாத மனுசி, உப்பும் கைக்கணக்கு, புளியும் கைக்கணக்கு, பிள்ளைக்குப் பாலும் கைக்கணக்கில் போய்விடுமோ என்று இவளுக்குத் தொடக்கத்தில் இருந்தே பயம், அதனால்தான் குசினிச் சுவரில் தாள் எழுதி ஒட்டினாள். முதலில் பழைய டின்னுக்கு, ஒரு அவுன்ஸ் தண்ணீருக்கு இரண்டு கரண்டி, தட்டையாய், என்று. அண்ணை கொண்டுவந்த புது டின் வேறு வகை, அதில் எழுதியிருந்ததை இரண்டுதரம் வாசித்துவிட்டு, இரண்டை வெட்டி ஒன்று என்று தன் கையாலேயே சிவப்பு மையில் திருத்தினாள், பிழை திருத்துகிற கைக்கு அது பழக்கம். மச்சாள் போத்தலைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னா:

“தண்ணியாய்க் கிடக்குதடி பிள்ளை. இன்னொரு கரண்டி போடட்டோ?”

கூடாது என்றாள். அடுத்த நாளும் கேட்டா, அதற்கும் கூடாது, கூடப் போட்டால் பிள்ளைக்கு வயிறு கழியும், நீர்க்கடுப்பு வரும், இது சோறு கறியல்ல மச்சாள், விஞ்ஞானம், என்று வகுப்பில் கதைப்பதுபோலக் கதைத்துவிட்டாள். மூன்றாம் நாள் மச்சாளின் முகத்தில் ஏதோ ஒரு பிடிவாதம் தெரிந்தது, அதைக் கண்டதும் பயந்துபோய், பிள்ளையின்ரை தலையிலை கைவைச்சுச் சொல்லுங்கோ, நான் எழுதினதுக்கு மேலை ஒரு துகளும் போடமாட்டன் எண்டு, என்று கேட்டாள். மச்சாள் கையில் இருந்த போத்தலைக் கீழே வைத்தா. பிறகு குகனின் உச்சியில் கையை வைத்தா, அந்தக் கையைப் பார்த்தபோது கேட்டிருக்கக்கூடாது என்று பட்டது, ஆனாலும் கேட்டதைத் திருப்பி எடுக்கவில்லை. கூடப் போடக்கூடாது என்று சத்தியம் வாங்கினாள் சரி, குறைத்துப் போடக்கூடாது என்று வாங்கினாளா? பால்மா தட்டுப்பாடு, அடுத்த டின் எப்போது வருமோ தெரியாது, மிச்சம் பிடித்து மிச்சம் பிடித்து... இல்லை, அயடீன் நீலமாகக் காட்டியிருக்கும்போது மச்சாளை ஏன் இழுக்கிறாய், இது அண்ணை, அண்ணைதான்.

பத்து. பதினொன்று. சந்தியோகு வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டுக் குடுவை கழுவப் போய்விட்டார். பன்னிரண்டு. அண்ணையிடம் என்னவென்று கேட்பது, குழாயைக் கையில் கொடுத்து இதைப் பாருங்கோ என்பதா, அவர் இந்த நிறத்தைப் பார்த்து என்ன விளங்குவார், எட்டாம் வகுப்போடு நின்றவர், நின்றதும் யாருக்காக... பதின்மூன்று. நீலம் மங்குகிறதா அல்லது கண்ணா? அடியில் ஒரு சிவப்பு. இன்னொரு துளி, இன்னும் ஒன்று, நிறுத்து, நிறுத்து. செங்கட்டி நிறம் குடுவை முழுக்கப் பொங்கி வந்தது. பதின்மூன்று புள்ளி ஆறு.

அவள் குனிந்து கோட்டைப் பார்த்தாள், கண்ணைக் கோட்டின் மட்டத்துக்கு வைத்து, பெட்டைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல. பதின்மூன்று புள்ளி ஆறுதான். இருபத்தேழு இல்லை, இருபதும் இல்லை. இனிப்பு முழுதாக இருக்கிறது, டின்னில் எழுதியது எழுதியபடியே. அப்படியானால் அந்தக் குழாயில் நீலம் எப்படி, முழுப்பாலும் இருந்து அதற்குமேல் மாவும் இருக்க ஏலுமா, நிறைந்த பாத்திரத்தில் இன்னும் எதை நிறைப்பது? இரண்டில் ஒன்று பொய். கை தானாகவே வடித்த துணியை எடுத்தது. வடிதாள் வந்து இரண்டு வருசம், இறக்குமதி இல்லை என்று திணைக்களம் கையை விரித்ததில் இருந்து சந்தியோகு தன் பழைய வேட்டியைத் துண்டு துண்டாகக் கிழித்து மடித்து வைத்திருக்கிறார், சலவையில் இருந்து வந்த மடிப்புக்கூடக் குலையாமல், வெள்ளை வெளேரென்று, விறைப்பாக... விறைப்பாக. ஐயோ, விறைப்பாக.

“சந்தியோகண்ணை, உந்த வேட்டி கஞ்சி போட்டதோ?”

“ஓம் ரீச்சர், பூசைக்குக் கட்டினது. நல்லாய்க் கஞ்சி போட்டுத்தான் வெளுக்கிறது. ஏன்?”

மடிப்புக் குலையாத இன்னொரு துண்டை எடுத்து அதன்மேல் ஒரு துளி அயடீன் விட்டாள், துளி விழுந்த இடத்தில் அதே நீலம், மையைக் கொட்டியதுபோல விரிந்தது. பிறகு ஒரு சிட்டிகை பால்மாவைத் துணி தொடாமல் நேரே கரைத்து அதிலும் ஒரு துளி விட்டுப் பார்த்தாள். மஞ்சள். கொஞ்சம் மண்ணிறம் கலந்த மஞ்சள், நீலத்தின் சாயலே இல்லை. சந்தியோகுவின் பூசை வேட்டிக் கஞ்சியை வைத்துக் கூடப்பிறந்தவரைக் கள்ளனாக்கிவிட்டாள், அரை மணித்தியாலமாய் மனதுக்குள் விசாரணை வைத்துத் தீர்ப்பும் சொல்லிவிட்டாள். சிரிப்பு வந்தது, கண்ணீரும் வந்தது, எது முன்னால் வந்தது என்று தெரியவில்லை. அண்ணை, என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இதை ஒருபோதும் அவருக்குச் சொல்லப் போவதில்லை, சொல்லாமல் இருப்பதால்தான் இது கனக்கப் போகிறது.

ஆனால் சிரிப்பு நீடிக்கவில்லை. பால்மா நல்லதென்றால் பிள்ளை ஏன் வற்றுகிறான்? பால்மா நல்லதாக இருப்பது இப்போது பெரிய பயம், கெட்டதென்றால் கொட்டிவிட்டு வேறு தேடலாம், நல்லதைக் குடித்தும் ஒரு பிள்ளை தேய்ந்தால்... ஏதும் உள்நோயோ, நெஞ்சிலோ, குடலிலோ? இல்லை, மச்சாள். மச்சாள்தான் குறைத்துப் போடுகிறா, மிச்சம் பிடிக்கிறா. திங்கட்கிழமை மச்சாள் கலக்கிற போத்தலில் இருந்து களவாக ஒரு மடக்கு எடுத்துவந்து பார்த்தால் வெளித்துவிடும். அதற்கு ஒப்பிடுவதற்குச் சரியான கலவை ஒன்று வேண்டும், அது கையிலேயே இருக்கிறது, காலைப்பாலின் மிச்சம், இன்று சனிக்கிழமை என்பதால் ஆறு மணிப்பாலைத் தானே கலந்தாள், போத்தல் கோட்டுக்கு நாலு அவுன்ஸ் தண்ணீர், கத்தியால் வழித்துத் தட்டையாக நாலு கரண்டி, பிழைக்க இடமில்லை. குகன் பாதி குடித்துவிட்டு அப்படியே நித்திரையானான், மிச்சம் இது. பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து, துணி வேண்டாம், பஞ்சில் வடித்து, பியூரெட்டில் நிரப்பினாள். மனக்கணக்குப் போட்டாள், பத்தில் முடியவேண்டும். சும்மா ஒரு ஒழுங்குக்குத்தான் செய்கிறாள், விடை தெரிந்த கணக்கு.

ஆறு, ஏழு. புதுக்குடுவை, புது நீலம். எட்டு, ஒன்பது. மச்சாளிடம் கோபிக்கக்கூடாது, மெதுவாகச் சொல்லவேண்டும், பிள்ளையில்லாதவவின் மனம் சுடக்கூடாது. பத்து. இப்போது மாறும். பத்தரை. பதினொன்று. பேலிங் கரைசலைக் கூட விட்டுவிட்டாளா, இல்லை, அளந்துதான் விட்டாள். பன்னிரண்டு, நீலம் அப்படியே, வானம் மாதிரி, வெட்கமில்லாத நீலம். காலைப்பால், புளித்திருக்கும், புளித்தால் இனிப்புக் குறையும்... ஐந்து மணித்தியாலத்தில் எவ்வளவு குறையும், பாதியா குறையும்? மூக்கருகில் பிடித்துப் பார்த்தாள், புளிப்பு மணம் இல்லை. பதினைந்து. நெற்றியில் வேர்த்தது கண்ணுக்குள் இறங்கியது. பதினேழு. இது யார் கலந்த பால்? நான். யார் அளந்தது? நான். பத்தொன்பது, நிறுத்து, இல்லை நிறுத்தாதே, இருபது, அங்கே அடியில் சிவப்பு, இருபது புள்ளி இரண்டு. செங்கட்டி நிறம் பொங்கி வந்து நின்றது. சரியாக இரட்டிப்பு. பிள்ளை குடிப்பது பாதிப்பால், பாதிக்குப் பாதி தண்ணீர், தன் கையால் தட்டையாக வழித்து அளந்த பால்.

தராசுக்குப் பக்கத்தில் வெறுமையான மருந்துப் போத்தல் நின்றது. அதன் மூடி. எடுத்துத் திருகிப் பார்த்தாள், இறுக்கம், காலையில் திறக்கும்போதும் கை நொந்ததே, நெகிழவே இல்லை, ஒரு துகளும் சிந்தவில்லை. நாலு கரண்டி, ஒன்பது கிராம்கூட இல்லை. புது டின்னில் எழுதியிருந்ததே, இரண்டுதரம் வாசித்தாளே, ஒரு கரண்டி நாலரை கிராம், நாலு கரண்டி பதினெட்டு. பதினெட்டில் பாதி... பழைய டின்னின் கரண்டி சின்னக் கரண்டி, அதனால்தான் பழைய டின்னில் அவுன்சுக்கு இரண்டு. புது டின்னின் கரண்டி பெரியது, அது பிஸ்கட் டின்னோடு அடுத்த ஒழுங்கைக்குப் போய்விட்டது, அதனால்தான் புது டின்னில் அவுன்சுக்கு ஒன்று. சுவரில் எழுத்தை மாற்றினாள், கரண்டியை மாற்றவில்லை. பியூரெட்டின் அரைக்கோட்டுக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிகிறவள் மூன்று கிழமையாய் அந்தக் கரண்டியை ஒருதரம்கூட நிறுத்துப் பார்க்கவில்லை, கரண்டி என்றால் கரண்டிதானே. மா யாரும் கலக்கவில்லை, யாரும் மிச்சம் பிடிக்கவில்லை. சிவப்பு மை. தண்ணியாய்க் கிடக்குதடி பிள்ளை. விஞ்ஞானம் மச்சாள், விஞ்ஞானம்...

“என்ன ரீச்சர், பால் நல்லதோ?” சந்தியோகு கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“ஓம். பால் நல்லது.”

விளக்கை ஊதி அணைத்தாள். பதினொன்றரை பஸ் ஒன்று இருக்கிறது, ஓடினால் பிடிக்கலாம். போனதும் கேட்கவேண்டும். என்னவென்று கேட்பது? மூன்று கிழமைப் பகல்கள், தான் இங்கே பெட்டைகளுக்குச் சரியளவு படிப்பித்துக்கொண்டு நின்ற நேரமெல்லாம் அந்தக் குசினியில் மச்சாளும் பிள்ளையும் தனியே. ஒரு நாளாவது, அவன் பசியில் முனகியபோது ஒரு தரமாவது, சுவரைப் பார்க்காமல், இவள் சொல்லைக் கேட்காமல், இன்னொரு கரண்டி போட்டிருப்பாவா? போட்டிருக்கவேண்டும், பிள்ளையாரே, போட்டிருக்கவேண்டும். பள்ளிக்கூடப் படலையடியில் பஸ் சத்தம் கேட்டபோது அவள் பைக்குள் போத்தலைத் திணித்துக்கொண்டு ஓடினாள், ஓடும்போதே குகனின் உச்சியில் அந்தக் கை வந்து அமர்ந்தது, காய்ப்புப் பிடித்த, ஒருநாளும் பொய் சொல்லாத கை, வாங்கிய சத்தியத்தை மச்சாள் காப்பாற்றியிருப்பா என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.